போஸ்ட் போடும் கருவிக்கு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

பொடிவாசம் (சயான் கோலிவாடா, மும்பை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறோம். பக்குவம் மாமியாருடையது, விற்பனை என் பொறுப்பு. ஆர்டரில் முக்கால்வாசி இன்ஸ்டாகிராமில் வருகிறது, மீதி ஃபேஸ்புக் பக்கத்தில். டோம்பிவலி, முலுண்ட், நெருல் என்று நம் ஆட்கள் இருக்கிற இடமெல்லாம் பார்சல் போகிறது.

கணபதியில் ஆரம்பித்தால் தீபாவளி முடியும் வரை மூச்சு விட நேரம் இருக்காது. பகலெல்லாம் வறுப்பதும் அரைப்பதும்தான். ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பிறகுதான் போனை எடுத்து போஸ்ட் போட முடிகிறது. அந்த நேரத்தில் 'விலை என்ன', 'வாஷிக்கு அனுப்புவீர்களா' என்று கேட்டவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். அதனால் போஸ்ட்டை முன்கூட்டியே ஏற்றி வைக்கவும், விலை கேட்பவர்களுக்குத் தானாகப் பதில் போகவும் ஒரு கருவி தேடினேன். இரண்டு கண்ணில் பட்டன.

முதலாவது விலை குறைவு. அதன் பக்கத்திலேயே இன்ஸ்டாகிராம் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. 'ஓடிபி வந்தால் அதையும் இங்கே போடுங்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. இரண்டாவதில் 'இணை' என்று ஒரு பட்டன். அழுத்தினால் இன்ஸ்டாகிராம் படம் போட்ட வேறொரு பக்கம் வருகிறது. அங்கே நீளமான பட்டியல்: மெசேஜ் படிக்கலாமா, கமென்ட்டுக்குப் பதில் போடலாமா, போஸ்ட் வெளியிடலாமா, விளம்பரம் நடத்தலாமா என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கிறது. அதைப் பார்த்தே பயந்து மூடிவிட்டேன். முதலாவது எளிமையாக இருக்கிறது, இரண்டாவது எல்லாவற்றையும் கேட்கிறது. ஆனால் நாத்தனார் மகன் இரண்டாவதுதான் சரி என்கிறான். ஏன் என்றால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கணக்கை நான், நாத்தனார் மகன், பகுதி நேரமாக ரீல்ஸ் எடுத்துத் தரும் ஒரு கல்லூரிப் பெண் என மூன்று பேர் கையாளுகிறோம். பாஸ்வேர்டு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிறது. ஓடிபி என் கணவர் நம்பருக்குப் போகிறது. அவர் கோரேகாவில் ஆபீசில் இருப்பார், இல்லாவிட்டால் லோக்கலில் நெரிசலில் இருப்பார். லாகின் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் போன் அடித்து, அவர் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு வருமானத்தில் பெரும் பங்கு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் முகவரி, போன் நம்பர் எல்லாம் அந்த சாட்டில் இருக்கின்றன. காரணம் புரிந்தால் எதையும் செய்துவிடுவேன். அதனால் கொஞ்சம் நிதானமாக விளக்கிச் சொல்லுங்கள்.

---

தாதர்_ஸ்லோ

முதல் கருவி வேண்டவே வேண்டாம். ஓடிபியைக் கேட்கிற இடத்திலேயே கதை முடிந்தது.

அதற்கு முன் ஒரு கேள்வி. வெளிக்கருவி உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமா? உங்கள் கணக்கு தொழில்முறைக் கணக்காக மாற்றப்பட்டிருந்தால் இன்ஸ்டாகிராம் ஆப்பிலேயே போஸ்ட்டையும் ரீல்ஸையும் 75 நாள் முன்கூட்டியே ஏற்றி வைக்கலாம். ஒரு நாளைக்கு 25 வரை போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் சொந்தக் கருவியான மெட்டா பிசினஸ் சூட்டில் இரண்டையும் சேர்த்தே திட்டமிடலாம், தானியங்கிப் பதிலும் வைக்கலாம். காசு கிடையாது. ஒரு பொடிக் கடைக்கு இது தாராளம் என்று நினைக்கிறேன்.

---

பக்கம்_பார்ப்பவன் (மாட்டுங்கா)

அக்கா, உங்கள் நாத்தனார் மகன் சொன்னது சரி. மாட்டுங்கா, தாராவிப் பக்கம் சின்னக் கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பிழைப்பு. தினமும் கைவைக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கருவி என்ன செய்கிறது? நீங்கள் தட்டிய பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, தன் சர்வரிலிருந்து உங்கள் பெயரில் இன்ஸ்டாகிராமுக்குள் நுழைகிறது. நுழைந்த பிறகு உங்களால் முடிகிற எல்லாம் அதனாலும் முடியும். சாட்டைப் படிக்கலாம், கணக்கில் இருக்கும் மெயில் முகவரியை மாற்றலாம், கடைசியில் உங்களையே வெளியே தள்ளலாம். 'நீ போஸ்ட் மட்டும் போடு' என்று அதைக் கட்டுப்படுத்த எந்த வழியும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். ஒழுங்காக நடக்கும் தளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்காது. திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றித்தான் சேமிக்கும். உங்களுக்குப் பதிலாக லாகின் செய்யும் கருவிக்கு அந்த வசதி கிடையாது. மறுபடி தட்டுவதற்காகப் பாஸ்வேர்டைப் படிக்கக்கூடிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் லாகின் ஆன நிலையை அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கருவியின் சர்வரை யாராவது உடைத்தால் உங்கள் கணக்கும் சேர்ந்து போகும்.

இன்ஸ்டாகிராமின் விதிமுறைகளே அடுத்தவரின் லாகின் விவரத்தைக் கேட்பதையும் சேகரிப்பதையும் தடுக்கின்றன. அதாவது பாஸ்வேர்டு கேட்கும் கருவி ஆரம்பத்திலேயே விதியை மீறித்தான் தொழில் செய்கிறது. 2015 நவம்பரில் இன்ஸ்டாஏஜென்ட் என்ற ஆப் பற்றிய விவகாரம் வெளியே வந்தது. உங்கள் புரொஃபைலை யார் பார்த்தார்கள் என்று காட்டுவதாகச் சொல்லி, வாங்கிய பாஸ்வேர்டுகளை மறைக்கக்கூடச் செய்யாமல் வேறொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆப்பிளும் கூகுளும் அதைத் தங்கள் கடைகளிலிருந்து நீக்கின. 2022 அக்டோபரில் மெட்டாவே ஓர் அறிவிப்பு விட்டது: ஃபேஸ்புக் லாகினைத் திருடுவதற்கென்றே செய்யப்பட்ட 400-க்கு மேற்பட்ட ஆப்களைக் கண்டுபிடித்ததாக. போட்டோ எடிட்டர், விளையாட்டு, விபிஎன் என்று பல வேடத்தில் இருந்தன. ஆகவே ஆப் ஸ்டோரில் இருக்கிறது என்பதையே நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கருவியின் வழிக்கு ஓஆத் என்று பெயர். இது நம் சொசைட்டி கேட்டில் வேலையாளுக்குக் கொடுக்கிற பாஸ் மாதிரி. எந்த வீடு, என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும், வேண்டாம் என்றால் அந்தப் பாஸை மட்டும் ரத்து செய்யலாம், வீட்டுச் சாவி உங்களிடமே இருக்கும். நடப்பது இதுதான்: 'இணை' என்றதும் உங்களை இன்ஸ்டாகிராமின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டை நீங்கள் அங்கேதான் தட்டுகிறீர்கள், கருவியின் கண்ணில் அது படவே படாது. நீங்கள் சம்மதம் சொன்னதும் இன்ஸ்டாகிராம் அந்தக் கருவிக்கு டோக்கன் என்ற ஒரு நீண்ட ரகசியக் குறியைக் கொடுக்கிறது. அந்த டோக்கனால் நீங்கள் ஒத்துக்கொண்ட வேலைகளை மட்டும்தான் செய்ய முடியும். ட்விட்டர் 2010 ஆகஸ்டிலேயே, பாஸ்வேர்டை வாங்கி இயங்கும் வெளி ஆப்களின் பழைய வழியை மூடிவிட்டு, எல்லோரையும் ஓஆத்துக்கு மாறச் சொன்னது. அவ்வளவு பழைய பாடம் இது.

அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்தீர்களே, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதல் கருவி அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும், அதற்கு மேலேயும் எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் பட்டியல் காட்டாமல் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது வழியில் உங்களுக்கு வரி வரியாகத் தெரிகிறது. வேண்டாததற்கு நீங்கள் மறுப்புச் சொல்லலாம்.

எதற்குச் சம்மதிக்கலாம் என்று பார்ப்போம். போஸ்ட் ஏற்றி வைக்க, வெளியிடும் அனுமதி வேண்டும். விலை கேட்பவருக்குத் தானாகப் பதில் போக, மெசேஜ் அனுமதி வேண்டும்; கொடுத்தால் வாடிக்கையாளர் முகவரிகள் அந்தக் கருவிக்கும் தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் நடத்தும் அனுமதி உங்களுக்கு அறவே தேவையில்லை. கணக்கில் கார்டு சேர்த்து வைத்திருந்தால் அந்த அனுமதி உங்கள் பணத்தைத் தொடுகிற அனுமதி. மாற்றி அமைக்கும் இடம் அதே திரையில் இருக்கும், சின்ன எழுத்தில். விளம்பர அனுமதி கொடுக்காவிட்டால் போஸ்ட்டே ஏற்ற மாட்டேன் என்று ஒரு கருவி அடம்பிடித்தால், வேறு கருவி பாருங்கள்.

இப்போது ஒரு பழக்கம் சொல்கிறேன், இதை எல்லாக் கடைக்காரர்களுக்கும் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். இன்ஸ்டாகிராம் மாதிரியே போலிப் பக்கம் வரைந்து பாஸ்வேர்டு பிடுங்குகிறவர்கள் உண்டு. அதனால் 'இணை' பட்டனை அழுத்துவதற்கு முன், அதே பிரவுசரில் இன்னொரு தாவலைத் திறந்து, நீங்களே முகவரியைத் தட்டி இன்ஸ்டாகிராமுக்குள் போய்விடுங்கள். பிறகு வந்து 'இணை' அழுத்துங்கள். உண்மையான பக்கம் என்றால் உங்களை ஏற்கெனவே அடையாளம் தெரிந்திருக்கும், நேராக அனுமதிப் பட்டியலைக் காட்டும். மறுபடி பாஸ்வேர்டு கேட்டால் கையை எடுத்துவிட்டு மேலே முகவரியைப் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக 'இன்ஸ்டாகிராம் டாட் காம்' என்று முடிய வேண்டும், அந்தப் பெயருக்கு முன்னால் ஏதாவது இருந்தால் நடுவில் புள்ளிதான் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் வேறு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு யாருடைய இடமோ. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருந்தால் இன்னும் நல்லது. முகவரி பொருந்தாத பக்கத்தில் அது தானாக நிரப்பாது. கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

சரி, ஓஆத் என்றால் கவலையே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. 2013 அக்டோபரில் பஃபர் என்ற போஸ்ட் திட்டமிடும் கருவியை உடைத்தார்கள். அங்கே இருந்த டோக்கன்களை வைத்து, வாடிக்கையாளர்களின் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் எடைக் குறைப்பு விளம்பரங்களைப் போட்டார்கள். பஃபர் எதையும் மறைக்காமல் அன்றே சொன்னது, டோக்கன்களை மறையாக்கம் செய்து வைத்தது, அதனால் பிழைத்தது. 2017 மார்ச்சில் ட்விட்டர் கவுன்ட்டர் என்ற கருவி வழியாக ஃபோர்ப்ஸ், ஆம்னெஸ்டி போன்ற பெரிய கணக்குகளில் நாஜிகளின் ஸ்வஸ்திகா குறியோடு துருக்கி மொழியில் பதிவுகள் வந்தன. அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டை யாரும் திருடவில்லை. எப்போதோ கொடுத்த ஓர் அனுமதி திறந்தே கிடந்தது, அது போதுமானதாக இருந்தது.

ஆகவே கொடுத்த அனுமதிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டின் செட்டிங்ஸிலும் 'ஆப்களும் இணையதளங்களும்' என்ற பகுதி இருக்கிறது. எக்ஸில் (பழைய ட்விட்டர்) 'இணைக்கப்பட்ட ஆப்கள்' என்று இருக்கும். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் என்று இருக்கும். போய்ப் பாருங்கள். 'எந்த நடிகை மாதிரி இருக்கிறீர்கள்' என்று என்றோ விளையாடியதுகூட உட்கார்ந்திருக்கும். பயன்படுத்தாததை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா இணைப்பும் தானாக அறுந்துவிடும் என்று நம்ப வேண்டாம், அது தளத்துக்குத் தளம் மாறும். பட்டியலில் போய் நீங்களே நீக்கினால்தான் நிச்சயம். அப்படி நீக்கினாலும் அந்தக் கருவி ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் தகவல் அங்கேயே இருக்கும். அதை அழிக்கச் சொல்லி அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும்.

நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒன்று: கருவிக்கென்று நீங்கள் திறக்கிற கணக்கு. இன்ஸ்டாகிராமுக்கு எவ்வளவு பலமான பூட்டுப் போட்டிருந்தாலும், கருவியின் பாஸ்வேர்டு பொடிக்கடை123 என்று இருந்தால், உள்ளே வருகிறவன் அந்த வழியாக வந்து உங்கள் பக்கத்தில் போஸ்ட் போட்டுவிட்டுப் போவான். அதற்கும் தனிப் பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி மாதிரி இன்னொரு எண்ணும் கேட்பது) இரண்டும் வேண்டும். இரண்டடுக்கே கொடுக்காத கருவியை நான் எந்தக் கடைக்கும் வைப்பதில்லை.

ஆட்கள் விஷயம் தனியாக எழுதுகிறேன், கடைக்குப் போக நேரமாகிவிட்டது.

---

விரார்_ஃபாஸ்ட்

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? ஃபாலோயர் கூட்டித் தருகிற ஓர் ஆப்புக்கு நான் பாஸ்வேர்டு கொடுத்து ரொம்ப நாள் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை. பெரிய நிறுவனம் என்றால் சரி. ஒரு பொடிக் கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

---

பக்கம்_பார்ப்பவன்

விரார் நண்பரே, உங்களை மட்டும் யாரும் குறிவைக்கவில்லை என்பது உண்மைதான். இவர்கள் ஆள் பார்த்து வருவதில்லை, மொத்தமாக வாரிக்கொண்டு போகிறார்கள். பொடிக் கடை கணக்கில் அவர்களுக்கு வேண்டியது நம்பிக்கை. அந்த அக்காவின் பெயரில் 'நான் இந்த முதலீட்டில் பணம் போட்டேன், இரண்டு மடங்காக வந்தது' என்று ஒரு ஸ்டோரி வந்தால், பொடி வாங்கிப் பழகிய முலுண்ட் மாமி நம்பி ஜிபே செய்துவிடுவார். இப்படி நடப்பதை எங்கள் ஏரியாவிலேயே பார்த்திருக்கிறேன். போனது கடைக்காரர் பணம் இல்லை, வாடிக்கையாளர் பணம். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரரால் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

உங்கள் ஆப் பற்றியும் சொல்கிறேன். பாஸ்வேர்டு வாங்கி, உங்கள் கணக்கிலிருந்தே கண்டவர்களுக்கெல்லாம் லைக்கும் ஃபாலோவும் போடுவதுதான் அவற்றின் வேலை. 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராம் அப்படி வந்த லைக், ஃபாலோ, கமென்ட்டுகளை நீக்கப்போவதாக அறிவித்தது. அந்த ஆப்களைப் பயன்படுத்தியவர்களைப் பாஸ்வேர்டு மாற்றவும் சொன்னது. உங்கள் பெயரில் இப்போது என்னென்ன லைக் போகிறது என்று 'உங்கள் செயல்பாடு' பகுதியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அக்கறையோடுதான் சொல்கிறேன்.

---

செம்பூர்_டயல்டோன்

அம்மா, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கணவர் நம்பருக்கு ஓடிபி போகிற விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றும் இல்லாததைவிட மேல். ஆனால் அது சிம்மை நம்பி இருக்கிறது. உங்கள் நம்பரை வேறொரு சிம்முக்கு மாற்ற வைத்துவிட்டால், ஓடிபி அங்கே போகும். 2019 ஆகஸ்ட் 30 அன்று ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கிலேயே இப்படி அசிங்கமான பதிவுகள் வந்தன. அவருடைய போன் நம்பரைக் கைப்பற்றி, எஸ்எம்எஸ் மூலம் பதிவிடும் பழைய வசதி வழியாகப் போட்டார்கள். அந்த வசதி, ட்விட்டர் முன்பு வாங்கிய கிளவுட்ஹாப்பர் என்ற சேவையின் பெயரில் இன்னும் இணைந்தே இருந்தது. மேலே தம்பி சொன்ன திறந்து கிடக்கும் அனுமதிக்கு இதுவும் ஒரு சாட்சி.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாள் கழித்து அது வேறொருவருக்குப் போகலாம். பழைய நம்பர் எந்தக் கணக்கிலாவது இருந்தால், உங்கள் ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். மும்பையில் இரண்டு மூன்று சிம் மாற்றாதவர் யார் இருக்கிறார்கள்? ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மாற்று வழி, அத்தென்டிகேட்டர் ஆப். 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்ணைப் போனே கணக்கிட்டுக் காட்டும். டவர் வேண்டாம், நெட் வேண்டாம். முதலில் அமைக்கும்போது ஒரு க்யூஆர் படம் காட்டுவார்கள். அதே படத்தை உங்கள் போன், கணவர் போன் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்துவிட்டால் இரண்டிலும் ஒரே எண் வரும். அவர் லோக்கலில் இருந்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டாம். எக்ஸ் தளம் 2023 மார்ச் 20-க்குப் பிறகு எஸ்எம்எஸ் வழியைப் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. ஆனால் அத்தென்டிகேட்டர் அங்கேயும் இலவசம்தான்.

கூடவே, போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைவதற்கு பேக்கப் கோடுகள் கொடுப்பார்கள். கூகுள் என்றால் எட்டு இலக்கத்தில் பத்து. காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கிற இடத்தில் வையுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பிரயோஜனம் இல்லை, போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும்.

---

பொடிவாசம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தாதர்_ஸ்லோ சொன்னபடி பிசினஸ் சூட்டைத் திறந்து பார்த்தேன். போஸ்ட் ஏற்றி வைப்பது எனக்கே வந்துவிட்டது. இப்போதைக்கு வெளிக்கருவி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 'ஆப்களும் இணையதளங்களும்' பகுதியில் பார்த்தால் பழைய இரண்டு போட்டோ ஆப்களும் பெயரே தெரியாத ஒன்றும் இருந்தன, நீக்கியாயிற்று. ஐயா சொன்ன க்யூஆர் யோசனையை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது செய்யப்போகிறோம்.

மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பதுதான் இப்போது உறுத்துகிறது. அந்தக் கல்லூரிப் பெண் தங்கமான பெண், அவள் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தேர்வு வருவதால் தீபாவளியோடு நின்றுகொள்கிறாள். அவள் மனம் நோகாமல் எப்படி மாற்றுவது?

---

பக்கம்_பார்ப்பவன்

அக்கா, சந்தேகம் என்ற பேச்சே இதில் வராது. அவள் போன் ரயிலில் பறிபோனாலும் உங்கள் பாஸ்வேர்டு பறிபோகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உண்மையில் இது அவளுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஏதாவது நடந்தால் யாரும் அவளைக் கைகாட்ட முடியாது. இப்படியே அவளிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

பிசினஸ் சூட்டில் ஆட்களைச் சேர்க்கும் இடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மெயிலுக்கு அழைப்பு அனுப்புங்கள். அவள் தன் சொந்த ஃபேஸ்புக் லாகினில் வந்து உங்கள் பக்கத்திலும், அதோடு இணைத்த இன்ஸ்டாகிராம் கணக்கிலும் வேலை செய்யலாம். அவளுக்குப் போஸ்ட், ரீல்ஸ் வேலை மட்டும் கொடுங்கள். மெசேஜ் வேண்டாம், முகவரிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நாத்தனார் மகன் ஆர்டர் எடுக்கிறான் என்றால் அவனுக்கு மெசேஜ். முழுக் கட்டுப்பாடு உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் மட்டும் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் வைத்தால் அவர் கணக்கு முடங்கும் அன்றைக்குப் பக்கமும் முடங்கும், அதனால் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். யூடியூபில் சேனல் ஆரம்பித்தாலும் இதே மாதிரி ஸ்டூடியோவின் அனுமதிகள் பகுதியில் எடிட்டர், மேனேஜர் என்று பிரித்துக் கொடுக்கலாம்.

எல்லோரும் தங்கள் தங்கள் லாகினில் வந்த பிறகு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள். அதன் பிறகு குரூப்பில் எதையும் அனுப்ப வேண்டாம். பழைய மெசேஜை அழித்தால் மட்டும் போதாது, எத்தனை போனின் பேக்கப்பில் அது இருக்கிறதோ. மாற்றினால்தான் அது செல்லாக்காசு ஆகும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஜிமெயில். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதிய இணைப்பு வருவது அங்கேதான். அந்த ஜிமெயிலை வைத்திருப்பவர்தான் பக்கத்துக்குச் சொந்தக்காரர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதலில் இரண்டடுக்குப் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

தீபாவளி நேரத்தில் 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று மெயில் நிறைய வரும். பதறி அழுத்த வேண்டாம். கணக்கு மையத்தில் பாஸ்வேர்டும் பாதுகாப்பும் என்ற பகுதியில், இன்ஸ்டாகிராம் உங்களுக்கு அண்மையில் உண்மையாகவே அனுப்பிய மெயில்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லையென்றால் போலி.

அந்தப் பெண் நிற்கிற நாளில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஆட்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுங்கள். பிறகு 'எங்கே லாகின் ஆகியிருக்கிறீர்கள்' என்ற பகுதியில் உங்கள் வீட்டுப் போன்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அவள் எடிட்டிங் ஆப் எதையாவது கணக்கோடு இணைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். கணக்கில் இருக்கும் மெயிலும் போன் நம்பரும் உங்களுடையவைதானா என்று ஒரு தடவை சரிபாருங்கள். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்யலாம்.

---

தாதர்_ஸ்லோ

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் பெயரில் வாடிக்கையாளரிடம் பணம் பிடுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள், பணம் மேலும் கைமாறுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. அடுத்தவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வரும், மூன்றாண்டு வரை சிறை. கணக்கை மீட்க இன்ஸ்டாகிராமிலேயே ஹேக் ஆனவர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. 'மீட்டுத் தருகிறோம், பணம் கொடுங்கள்' என்று கமென்ட்டில் வருகிறவர்களை அண்டவிடாதீர்கள்.

---

பொடிவாசம்

குறித்துக்கொண்டேன். பாஸ்வேர்டு மாற்றுவது, ஆட்களைச் சேர்ப்பது இரண்டையும் இந்த ஞாயிறே முடித்துவிடலாமா, இல்லை தீபாவளி கழித்துச் செய்யலாமா? நடுவில் ஏதாவது சிக்கி ஆர்டர் நின்றுவிடுமோ என்று யோசிக்கிறேன்.

---

பக்கம்_பார்ப்பவன்

இந்த ஞாயிறே செய்யுங்கள் அக்கா. கூட்டம் ஏறிய பிறகு தொட்டால்தான் சிக்கல். காலையில் மூன்று பேர் போனும் ஒரே அறையில் இருக்கும்போது ஆரம்பியுங்கள். முதலில் ஜிமெயில், பிறகு அத்தென்டிகேட்டர், பிறகு ஆட்கள், கடைசியில் பாஸ்வேர்டு. இந்த வரிசை மாறினால் யாராவது ஒருவர் வெளியே மாட்டிக்கொள்வார். எங்கேயாவது நின்றுவிட்டால் இங்கேயே எழுதுங்கள், அன்றைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.